கரையோரம் அத்தை அடித்த கூடாரம்

புயல் என்று செய்தி வந்தால் இப்போது எல்லோரும் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நான் மொட்டை மாடிக்குப் போய்த் துணிக்கொடியில் ஒரு துண்டைப் போட்டு, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறேன். மருமகளுக்கு இது வேடிக்கை. "போன்லயே சுத்துறது தெரியுது, நீங்க துண்டப் போட்டுப் பாக்குறீங்க" என்பாள். தஞ்சாவூரில் காங்கிரீட் வீடு. பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வடக்கேயிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுபோனால் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிடுவேன். வீட்டில் ஒருவரையும் வாசலைத் தாண்ட விடமாட்டேன். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். வெள்ளத்துக்குக் கரையேறி உட்கார்ந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குடவாசல் பக்கம் எங்கள் ஊர். காவிரி கிளை கிளையாகப் பிரிந்து வரும் ஆறுகளில் ஒன்று ஊருக்கு வடக்கே ஓடியது. எங்கள் தெரு அதற்குத் தெற்கே, பள்ளத்தில். அப்பா பண்ணையில் வேலை செய்தார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். ஐப்பசி பிறந்தால் தெருவில் தண்ணீர் வருவது வழக்கம்தான். வந்தால் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்போம். அந்த வருடம் பள்ளிக்கூடத்தின் ஓடு பாதி இறங்கிக் கிடந்தது. ஆகவே தெரு முழுவதும் ஆற்றங்கரைக்குப் போனது.

கரை என்றால் வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் நுங்கும் நுரையுமாக ஆறு. மறுபக்கம் கடல் மாதிரி வயல். சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. அந்தத் தண்ணீரின் நிறம் இன்னும் கண்ணில் இருக்கிறது. டீயில் பால் குறைந்தால் ஒரு நிறம் வருமே, அது.

அம்மா நிறைமாதம். கரையேறும்போதே இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். எங்கள் ஆடு இரண்டும், அடுப்புக் கல் மூன்றும், அரிசிப் பானையும், ஒரு டிரங்குப் பெட்டியும்தான் வீட்டிலிருந்து எடுக்க முடிந்தது. அம்மாவின் பார்வை திரும்பித் திரும்பி வீட்டுக் கூரைக்குப் போனது. மஞ்சள் அரைக்கிற கல்லை விட்டுவிட்டாளாம். பிள்ளை பெறப்போகிறவளுக்கு அந்தக் கவலை.

அப்பா பண்ணையில் கேட்டு ஒரு தார்ப்பாய் வாங்கி வந்திருந்தார். கரைமேல் பெரிய இலுப்பை மரம் ஒன்று நின்றது. மரத்தடிதான் நல்ல இடம் என்று எல்லோரும் முண்டினார்கள். அப்பா முந்திக்கொண்டார். தார்ப்பாயின் இரண்டு முனையை மரத்தில் கட்டினார், இரண்டு முனையை மூங்கில் நட்டுக் கட்டினார். இழுத்து இழுத்து, மேளத்தோல் மாதிரி விறைப்பாகக் கட்டினார். "மரம் இருக்குல்ல, ஒண்ணும் ஆவாது" என்று அம்மாவிடம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன். அவ்வளவு பெரிய மரம்.

முப்பது தப்படி தள்ளி, கரைக்குக் கீழே வயல் பக்கம் ஒரு மேடு இருந்தது. யாரும் அங்கே போகவில்லை. அங்கேதான் அத்தை தனியாகக் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்தவள். ஊருக்கு வந்த டெண்டு சினிமாக் கொட்டகையில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு கொட்டகையோடு போய்விட்டாள். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. என்ன சாதி, எந்த ஊர் என்று தெரியாதவனோடு போனாள் என்று அப்பாவுக்கு ஆறாத கோபம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் பேருந்திலிருந்து அவள் மட்டும் இறங்கி வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. தலையில் ஒரு பெரிய கித்தான் சுருட்டு. அவள் வாய் திறப்பதற்குள் அப்பா தெருமுனையில் நின்றவர்களிடம், "அவன் உட்டுட்டு ஓடிட்டானாம்" என்று சொல்லிவிட்டார். அத்தை அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுக்காமல் சுருட்டோடு நடந்தாள். தெருக்கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்தாள். அப்பா அவளோடு பேசுவதில்லை. நாங்களும் பேசக்கூடாது. தெருவில் அவளுக்குக் கொட்டகைக்காரி என்று பெயர். அம்மா மட்டும் அப்பா இல்லாத நேரம் ஒரு கிண்ணம் குழம்பை என்னிடம் கொடுத்து, "அண்ணிகிட்ட வச்சிட்டு ஓடியா" என்பாள்.

அந்தக் கித்தான் சுருட்டைத்தான் அத்தை கரையில் பிரித்தாள். கொட்டகைக் கூரையின் ஒரு துண்டு அது. தாரும் மெழுகும் பழைய பீடிப் புகையும் கலந்த வாசனை வரும். கிழிந்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டுத் தைத்திருக்கும். நான் இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்து, பார்க்கக்கூடாது என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மம்பட்டியால் மேட்டைச் சமப்படுத்தினாள். நடுவில் ஒரு கம்பம் நட்டு, கித்தான் கிழியாமல் இருக்க அதன் தலையில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தாள். கித்தானைச் சரிவாக, தரையைத் தொடும்வரை இறக்கினாள். முளைகளை அவள் நேராக அடிக்கவில்லை. தலை கூடாரத்தை விட்டு வெளியே சாய்ந்திருக்கும்படி ஒவ்வொன்றையும் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் இறக்கினாள். மண் சொதசொதவென்று இருந்த இடத்தில் முளையே அடிக்கவில்லை. சாக்கில் மண்ணை நிரப்பி, வாயைக் கயிற்றோடு கட்டி, குழி தோண்டிப் புதைத்தாள். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி வயல் பக்கம் வடியவிட்டாள். காற்று வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கரையே மறைப்பு. ஆனால் அவள் தெற்குப் பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாக முளை அடித்தாள். காற்று வராத பக்கம் எதற்கு இத்தனை என்று கரைமேலிருந்து யாரோ கேட்டார்கள். "இருக்கட்டுங்க" என்றாள்.

தூறல் விழுந்ததும் அவள் செய்ததுதான் எல்லோருக்கும் சிரிப்பாகிவிட்டது. சுற்றி வந்து ஒவ்வொரு கயிற்றையும் கொஞ்சம் தளர்த்தினாள். "புயலு வருதுன்னு தண்டோரா போட்டிருக்கான், எல்லாரும் கயித்த இறுக்குறாங்க, இவ அவுத்துவிடுறா பாரு" என்று ஒரு கிழவர் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு தப்புச் செய்தேன். அத்தையின் முளைகள் கருவேல மரத்தில் செதுக்கியவை. தலையில் இரும்புப் பூண் போட்டு, கை பட்டுப் பட்டு வழுவழு என்று இருக்கும். அடிக்காமல் மிச்சம் வைத்திருக்கிறாள் என்று நினைத்து வாய்க்கால் ஓரம் கிடந்த ஒன்றை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழகாக இருந்தது. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிறகு பார்த்தால் அத்தை வாய்க்கால் ஓரத்தில் குனிந்து குனிந்து தேடுகிறாள். கூடாரத்தின் மேற்கு மூலையில் ஒரு கயிறு சும்மா தொங்கியது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருந்தார். அத்தையிடம் போனதற்கு ஓர் அடி, திருடியதற்கு ஓர் அடி. இருட்டிவிட்டது. அந்தக் கூடாரம் விழுந்தால் அது என்னால்தான் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் வரவில்லை. எங்கள் கூடாரத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.

விடிகிற நேரத்தில் காற்று எழுந்தது. முதலில் ஆற்றின் மேல் ஒரு இரைச்சல். நெல் குத்தும் மிஷின் பக்கத்தில் நின்றால் கேட்கிற மாதிரி. பிறகு இலுப்பை மரம் ஆட ஆரம்பித்தது. நான் அதுவரை பெரிய மரம் அசையாது என்று நினைத்திருந்தேன். மரம் ஆட ஆட அதில் கட்டிய தார்ப்பாய் வெடுக் வெடுக்கென்று இழுபட்டது. நனைந்த சணல் கயிறு சுருங்கி இரும்புக் கம்பி மாதிரி ஆகிவிட்டது. அப்பா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. கத்தியை எடுப்பதற்குள் தார்ப்பாயில் கயிறு கோத்த காதுகள் எல்லாம் கிழிந்தன. அது ஒரு முறை எங்கள் தலைமேல் அடித்துவிட்டு வயல் பக்கம் போனது. தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

நாங்கள் நான்கு பேரும் மழையில் உட்கார்ந்திருந்தோம். மேலே கிளை முறிந்து அடுப்புக் கல்மேல் விழுந்தது. அம்மா என் தோளைப் பிடித்தாள். பிடி ரொம்ப இறுக்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வலி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நான் அண்ணிகிட்டப் போறேன்" என்றாள் அம்மா.

அப்பா தார்ப்பாய் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வந்தா வாங்க, வராட்டி இருங்க" என்று சொல்லிவிட்டு அவளே எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கி, இன்னொரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, கரைச் சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். தம்பி என் முதுகில் தொங்கினான். கீழே இறங்க இறங்கக் காற்று தலைக்கு மேலே போவதை உணர்ந்தேன். மேலே நிற்க முடியாத காற்று, கீழே சேலைத் தலைப்பை மட்டும் அசைத்தது.

அத்தை வாசல் கித்தானைத் தூக்கிப் பிடித்தாள். "குனிஞ்சு வாம்மா. கித்தான்ல கை படாம வா. பட்ட எடத்துல ஒழுவும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு வருடமாகப் பேசாதவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்கவில்லை.

உள்ளே தரை காய்ந்திருந்தது. அந்த மழையில் காய்ந்த தரையை மிதித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை கோரைப்பாயை விரித்து அம்மாவைப் படுக்க வைத்தாள். என்னைப் பார்த்து, "உங்கப்பன் எங்க?" என்றாள்.

"வெளியில நிக்கிறாரு."

"உள்ள வரச் சொல்லு. கம்பத்தப் புடிக்க ஒரு ஆளு வேணும்னு சொல்லு."

நான் தலையை நீட்டிச் சொன்னேன். அப்பா சரிவில் மழைக்கு முதுகைக் கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார். அத்தையைப் பார்க்காமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் பிரசவம் பார்க்கிற அம்மாள் கரைமேல் மேற்குப் பக்கம் இருந்தாள். அவளைக் கூப்பிட்டு வர வேண்டும். அப்பா கம்பத்தை விட முடியாது, அத்தை அம்மாவை விட முடியாது. அத்தை ஒரு கயிற்றை என் இடுப்பில் கட்டினாள். "கரைமேல ஏறாத. சரிவிலேயே போ. மரத்துக்கிட்டப் போவாத" என்றாள். கயிற்றின் மறுநுனி அவள் கையில். நான் நாலு காலில் போனேன். வாயெல்லாம் மண். கூப்பிட்டால் குரல் எனக்கே கேட்கவில்லை. கயிறு முடிந்த இடத்தில் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போனேன். அந்த அம்மாள் ஒரு கட்டை வண்டிக்கு அடியில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் புறப்பட்டாள். திரும்பி வந்தபோது அத்தை வாசலில் மண்டியிட்டு, வெறும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.  என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு தலையைத் துவட்டிவிட்டாள்.

அறை வாங்கியதும் எனக்குத் தைரியம் வந்தது. "அத்தை, ஒரு முளைய நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும். பாவாடையில புடைச்சிக்கிட்டு இருந்துச்சு. அந்த மூலைக்குச் சாக்கு பொதைச்சிட்டேன்" என்றாள்.

முளையும் பெட்டியும் அதற்குள் வெள்ளத்தோடு போயிருந்தன. அதை அப்போது நான் அறியவில்லை.

உச்சிவேளை இருக்கும். காற்று நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. கதவைச் சாத்தினமாதிரி நின்றது. மழையும் விட்டது. மேலே வெள்ளையாக வெளிச்சம் வந்தது. எங்கிருந்தோ இரண்டு கொக்கு வந்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தன. கரைமேல் பேச்சுச் சத்தம், யாரோ சிரித்தார்கள். பானை போச்சு, கோழி போச்சு என்று கணக்குச் சொன்னார்கள். சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் தெருவுக்கு இறங்கினார்கள், வீட்டில் எது மிச்சம் என்று பார்க்க.

அப்பா கம்பத்தை விட்டார். "விட்டுருச்சு. நான் போயி வீட்டப் பாத்துட்டு வாரேன். இவள மேல கொண்டுபோயிடலாம், இங்க காத்தே இல்ல" என்றார். அம்மா வலியில் முனகிக்கொண்டிருந்தாள்.

"போவாத தம்பி" என்றாள் அத்தை. "இன்னும் பாதி இருக்கு. இப்ப தெக்கேருந்து வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை அம்மாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை.

"அவரு இப்படித்தான் வெளியில போனாரு. முத்துப்பேட்டைக்கிட்ட கொட்டகை போட்டிருந்தோம். வாடைக்காத்துக்குத் தாங்கிருச்சு. காத்து நின்னுது. எல்லாம் முடிஞ்சிதுன்னு, கிழிஞ்ச எடத்தத் தைக்கலாம்னு கம்பத்துல ஏறுனாரு. தெக்கேருந்து வந்துச்சு. தெக்கால ஒரு கயிறுதான் கட்டியிருந்தோம். கம்பத்தோட விழுந்தாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். மாமா ஓடிப்போனவர் அல்லவா?

அத்தை நிமிர்ந்தாள். "கார்டு போட்டேனே தம்பி. வரலயா?"

"வரல" என்றார் அப்பா.

நான் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று அறுபது வருடமாக யோசிக்கிறேன். அத்தைக்கு உதவி செய்கிறதாக நினைத்தேனோ என்னவோ. அப்போது வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "வந்துச்சு அத்தை. நான்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். காலமானார், உடனே புறப்பட்டு வரவும்னு இருந்துச்சு. காலமானார்னா ஊர் மாறிப் போறதுன்னு அப்பா சொன்..."

சொல்லி முடிக்கும்முன் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கிவிட்டது. வாயை மூடினேன். பிரசவம் பார்க்கிற அம்மாள் கையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது எனக்குப் புரிகிறது. செத்தார் என்று தெருவில் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்பதுதான். புருஷனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் புதுச்சேலை எடுத்துக்கொண்டு போய்ப் போட வேண்டும். அப்பா போகவில்லை. கோபம் ஒரு பக்கம், போனால் அந்த உறவை ஒப்புக்கொண்டதாகும் என்கிற வீம்பு ஒரு பக்கம். போகாததை மறைக்க ஒரு மனிதரை ஓடிப்போனவராக்கினார். அத்தை அதை மறுத்திருக்கலாம். மறுத்தால் தெருவில் தம்பியின் தலை குனியும். ஒருவேளை கார்டு வரவே இல்லையோ என்று ஓர் ஓரத்தில் நினைத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்திருக்கிறாள். அந்த ஓரத்தையும் நான் எடுத்துவிட்டேன்.

அத்தை நெற்றி துடைத்த துணியை முறுக்கிப் பிழிந்தாள். பிறகு, "சரி. நேரமில்ல. தெக்கால முளையெல்லாம் ஆட்டிப் பாரு. ஆடுறதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு அடி" என்றாள்.

அப்பா வெளியே போனார். அவள் சொல்லச் சொல்லச் செய்தார். தெற்கே இருந்த வாசலை மூடித் தைத்தார்கள். வடக்கே கரைப் பக்கம் ஒரு ஆள் நுழையத் திறந்தார்கள். நான் வாய்க்காலில் அடைத்திருந்த இலையை அள்ளினேன். கொட்டாப்புளி அப்பாவின் கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. 

முடித்துவிட்டு அப்பா உள்ளே வரவில்லை. கரைமேல் ஏறி ஓடினார். "எறங்காதீங்க. எல்லாரும் மரத்த விட்டுத் தள்ளி, சரிவுல படுத்துக்கங்க. இன்னொரு காத்து இருக்கு, எங்க அக்கா சொல்லுது" என்று கத்திக்கொண்டே ஓடினார். கரையின் கடைசிவரை அந்தக் குரல் போனது. எங்க அக்கா சொல்லுது, எங்க அக்கா சொல்லுது. சிலர் சிரித்தார்கள். பலர் திரும்பினார்கள். தெருவுக்கு இறங்கியவர்களையும் தண்ணீரில் நீந்திப் போய்க் கூட்டிவந்தார்.

அவர் உள்ளே நுழைந்து கம்பத்தைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து வந்தது. இந்த முறை கரை எங்களுக்கு மறைப்பு இல்லை. வயல் தண்ணீரைத் தாண்டி நேராக வந்து மோதியது. கித்தான் உள்ளே வளைந்து எங்கள் முகம்வரை வந்தது, திரும்பப் போனது. தெற்குப் பக்கக் கயிறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகின. ஒன்று அறுந்தது. இன்னொன்று அறுந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தம்பி என் வாயைப் பொத்தினான். நான் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா கம்பத்தை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை அதன் அடியை இரண்டு காலாலும் அணைத்து உட்கார்ந்து, கைகளால் அம்மாவின் தோளைத் தாங்கியிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இலுப்பை மரம் விழுந்த சத்தம் கேட்டது. எங்கள் அடுப்புக் கல் இருந்த இடத்தில்தான் விழுந்திருந்தது. காலையில் போய்ப் பார்த்தோம்.

மூன்றாவது கயிறு அறுந்துபோகவில்லை. சாயங்காலம் காற்று தணிகிற நேரத்தில் தங்கை பிறந்தாள். நீலமாக இருந்தாள். அந்த அம்மாள் காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். மழைச் சத்தத்தில் அழுகிறாளா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் திறந்தது. அத்தைதான் முதலில் சொன்னாள், "அழுவுது" என்று.

மூன்று நாள் கழித்து மழை வெறித்தது. கிராமக் கணக்கர் நோட்டோடு கரைமேல் வந்தார். நிவாரண அரிசிக்காகக் குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதினார். தெரு முழுவதும் வரிசையில் நின்றதை நான் அத்தையின் கூடார வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அடுத்து அத்தை. கம்பத்தைக் கட்டிப்பிடித்ததில் அப்பாவின் நெஞ்சுத் தோல் உரிந்து, துண்டு படாமல் ஒதுக்கிப் போட்டிருந்தார். இந்த மூன்று நாளும் அவரும் அத்தையும் கயிறு, அடுப்பு, பிள்ளைக்குத் துணி என்று பேசினார்களே தவிர வேறு பேசவில்லை.

"தனிக் கார்டா? புருஷன் பேரு என்னம்மா?" என்றார் கணக்கர்.

அத்தை அன்று போலவே அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "அவன்தான் ஓடிட்டானுங்களே" என்றார். கணக்கர் எழுதப் போனார்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா ஒரு பெயரைச் சொன்னார். மாமாவின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அவரு ஓடலீங்க. செத்துட்டாரு. ரெண்டு வருஷம் ஆவுது. புயல்ல கொட்டகைக் கம்பம் விழுந்து செத்துட்டாரு. எங்க அக்கா கார்டு போட்டுச்சு. என் கைக்கு வந்துச்சு. நான் போவல. கோடி போடல. ஓடிட்டான்னு நான்தான் சொன்னேன்."

கணக்கர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். "அதெல்லாம் எழுத இதுல எடமில்லப்பா" என்றார். "ஆள் இல்ல. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க" என்றார் அப்பா.

அத்தை தலைப்பை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். வரிசையை விட்டு இரண்டடி விலகி, கரையின் ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிரசவம் பார்த்த அம்மாள் வரிசையிலிருந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தாள். பிறகு இன்னொருத்தி போனாள். அவளைக் கொட்டகைக்காரி என்று சொன்னவர்கள், கயிற்றைத் தளர்த்தியதற்குச் சிரித்தவர்கள், எல்லாப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வரிசையை விட்டுப் போய் வட்டமாக உட்கார்ந்தார்கள். அம்மா மூன்று நாள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, கூடாரத்திலிருந்து சரிவில் ஏறிப் போனாள். ஆண்கள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். கணக்கர் நோட்டை மூடிவிட்டுக் குடையின் கீழ் காத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து, அந்தக் கரைமேல், என் மாமாவுக்காக ஒப்பாரி எழுந்தது.